அத்தியாயம் 5: முறுக்கும் நுணுக்கமும்

சென்ற அத்தியாயத்தில் பழைய பவர் மெஷின் ஸ்டாண்ட் ஒன்றைப் பிடித்து, மேல் பலகையை மாற்றி, கார் பந்தயக் கேமுக்கான வீலை அதில் இறுக்கி முடித்தோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிகள் தையல் மெஷின்களை மாற்றும்போது இந்த ஸ்டாண்டுகள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்கு வந்துவிடும். நாள் முழுக்க மோட்டார் அதிர்வைத் தாங்கிப் பழகிய கனத்த இரும்பு அது. கம்ப்யூட்டர் மேசை ஓரத்தில் வீலை மாட்டியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: மேசை ஆடினால், கைக்கு வர வேண்டிய அதிர்வை மேசை தின்றுவிடும். அப்படிப் போனதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பெடலுக்கு அடியில் ஷூ சோலுக்கு வெட்டும் ரப்பர் ஷீட்டை விரித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இனி மென்பொருளுக்கு வருவோம்.

புதிதாக வீல் வாங்கியவர்களில் பாதிப் பேர் வீல் கைக்குத் திருப்பித் தரும் விசையான ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்றால் பலம் என்றே நினைக்கிறார்கள். கை நோகப் போராடினால்தான் நிஜக் கார் ஓட்டுவது போல இருக்கும் என்று எல்லா ஸ்லைடரையும் 100க்குத் தள்ளிவிடுகிறார்கள். முதல் 6 மாதம் நானும் அப்படித்தான் ஓட்டினேன். தோள்பட்டை வலித்ததே தவிர லேப் நேரம் குறையவில்லை. வளைவில் கார் எப்போது வழுக்கப் போகிறது என்று எனக்கு ஒருமுறைகூட முன்கூட்டியே தெரிந்ததில்லை.

தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் முடிந்த தோலைத் தரம் பிரிப்பவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவே தோலை ஓடவிடுவார். அழுத்திப் பிடிக்கவே மாட்டார். அழுத்தினால் 1.2 மில்லிமீட்டர் தோலும் 1.4 மில்லிமீட்டர் தோலும் ஒன்றாகத்தான் தெரியும். லேசாக விட்டால்தான் எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே நரம்பு ஓடுகிறது என்று விரல் சொல்லும். அவர் விரலுக்குக் கிடைக்கும் அந்தத் தகவல், வீலைப் பிடித்திருக்கும் உங்கள் உள்ளங்கைக்கும் கிடைக்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் வேலை அதுதான்.

ஸ்டீயரிங் என்ன சொல்கிறது?

ஸ்லைடர்களைத் தொடுவதற்கு முன் நிஜக் காரில் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் பக்கத்திலேயே ஏலகிரி இருக்கிறது. மலையேறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அடுத்த முறை காரில் போகும்போது, ஒரு வளைவை மெதுவாகத் திரும்பி முடித்ததும் ஸ்டீயரிங்கைக் கையில் வைத்தபடியே பிடியை மட்டும் தளர்த்துங்கள். ஸ்டீயரிங் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாகவே நேராகும். இதற்கு மேல் மலைப்பாதையில் எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

அந்தத் திரும்பலுக்கு இரண்டு காரணங்கள். முதலாவது, முன் சக்கரத்தைப் பொருத்தியிருக்கும் சாய்வு. சக்கரம் திரும்பும் அச்சை அப்படியே கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அதனால் சக்கரம் எப்போதும் அச்சின் பின்னால் இழுபடும். தள்ளுவண்டியின் சிறு சக்கரம் போகும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்கிறதே, அந்தக் கதைதான். இரண்டாவது காரணம் டயருக்குள்ளேயே இருக்கிறது. டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். வளையும்போது அதன் முன்பகுதி இப்போதுதான் தரையைத் தொட்டிருக்கும். பின்பகுதி தொட்டபடியே வந்து நன்றாக முறுக்கேறியிருக்கும். ஆகவே பக்கவாட்டு விசை நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. அந்தச் சிறு இடைவெளிதான் சக்கரத்தை நேராக்கப் பார்க்கும் முறுக்காக உங்கள் கைக்கு வருகிறது.

இதில் ஓட்டுபவருக்கு மிகவும் பயன்படும் இடம் ஒன்று உண்டு. டயர் தன் எல்லையை நெருங்கும்போது, முறுக்கேறியிருக்கும் பின்பகுதிதான் முதலில் வழுக்கத் தொடங்கும். அப்போது விசை விழும் இடம் நடுவை நோக்கி நகர்கிறது; கைக்கு வரும் முறுக்கு குறைகிறது. ஆனால் டயரின் பிடிப்பு இன்னும் தீரவில்லை. அதாவது பிடிப்பு உச்சத்தைத் தொடும் முன்பே ஸ்டீயரிங் லேசாகிவிடும். டயர் தரும் முன்னறிவிப்பு இது. நல்ல ஓட்டுநர்கள் இந்த லேசாதலைத் தொட்டுக்கொண்டே வளைவு முழுக்கப் போகிறார்கள். வேலூர் விஐடியின் பிரவேகா ரேசிங் போன்ற மாணவர் அணிகள் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிக்காகக் கார் வடிவமைக்கும்போது முதல் காரணமாகச் சொன்ன சக்கரச் சாய்வுக்கு இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்வது ஏன் என்று இப்போது புரியும்.

கேம் இந்தக் கணக்கை ஓயாமல் போடுகிறது. அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தயக் கேமில் நொடிக்கு 333 முறை. கிடைத்த விடை ஒரு எண்ணாக வீலுக்குப் போகிறது. விண்டோஸின் டைரக்ட்இன்புட் முறையில் அந்த எண்ணுக்கு உச்சவரம்பு 10,000. எதிர்த்திசைக்கு மைனஸ் 10,000. அதற்கு மேல் அனுப்ப வழியே கிடையாது. இந்த உச்சவரம்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பார்க்கப்போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் வீலின் மென்பொருள்

லாஜிடெக் என்றால் ஜி ஹப், மோசா என்றால் பிட் ஹவுஸ், த்ரஸ்ட்மாஸ்டர் என்றால் அதன் கன்ட்ரோல் பேனல். எதுவானாலும் முதலில் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிடுங்கள். யுஎஸ்பி கேபிளை ஹப் வழியாகச் செருகாமல் கம்ப்யூட்டரின் பின்புறம் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் நேராகச் செருகுங்கள். ஸ்டீமில் கேமை வாங்கியிருந்தால் அந்தக் கேமுக்கு ஸ்டீம் இன்புட்டை அணைத்துவிடுங்கள். அது வீலை கேம்பேட் என்று எண்ணிக்கொண்டு குறுக்கே புகுந்தால் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கே வராது. வீல் கெட்டுவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் பலருக்கு நான் செய்து கொடுத்தது இந்த ஒரு கிளிக் மட்டுமே.

சுழற்சிக் கோணம் அடுத்தது. லாஜிடெக்கின் ஜி29, ஜி923 வீல்கள் மொத்தம் 900 டிகிரி சுழலும். ஜி ஹப்பில் 900 என்றே விட்டுவிட்டு, கேமிலும் 900 என்று குறியுங்கள். ஒவ்வொரு காருக்கும் தேவையான கோணத்தை அசெட்டோ கோர்சா, ஐரேசிங் போன்ற கேம்கள் தாமே சரிசெய்துகொள்ளும். சென்சிடிவிட்டி 50ல் இருக்கட்டும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் இல்லாத கேம்களுக்கென்று இருக்கும் சென்டரிங் ஸ்பிரிங்கை அணைத்துவிடுங்கள். த்ரஸ்ட்மாஸ்டர் பேனலில் வீலை நடுவுக்குக் கொண்டுவரும் பொறுப்பைக் கேமிடம் விடும் தேர்வு இருக்கும்; அதைத் தேர்ந்தெடுங்கள். வீல் தானே போடும் ஸ்பிரிங், டயரிலிருந்து வரும் முறுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு அதை மறைக்கும்.

டேம்பிங், ஃபிரிக்‌ஷன், இனர்ஷியா என்ற மூன்றும் வீலைக் கனமாக்கிக் காட்டும் வடிகட்டிகள். பல்சக்கரத்தில் ஓடும் ஜி29 போன்ற வீலுக்கு இவை எதுவும் வேண்டாம். பல்சக்கரங்களுக்குள்ளேயே போதுமான உராய்வு இருக்கிறது. மூன்றையும் 0 ஆக்குங்கள்.

பிறகு கேம்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். அசெட்டோ கோர்சாவை எடுத்துச் சொல்கிறேன். 2014ல் வந்த கேம் என்பதால் சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும், ஃபோர்ஸ் ஃபீட்பேக் கற்க அதைவிட நேர்மையான இடம் அமையாது. பிஎம்டபிள்யூ எம்3 இ30 காரை எடுத்துக்கொண்டு மோன்ஸா பந்தயப் பாதைக்குப் போங்கள். அமைப்பில் கெர்ப், ரோடு, ஸ்லிப் என்று மூன்று எஃபெக்ட்கள் இருக்கும். மூன்றையும் 0 ஆக்குங்கள். அவை டயர் கணக்கிலிருந்து வரும் முறுக்கின் மேல் தனியாகத் தூவும் அதிர்வுகள். மொத்த விசையின் அளவைக் குறிக்கும் கெய்னை 100ல் வைத்துத் தொடங்குங்கள்.

ஓட்டும்போது திரையில் பெடல் ஆப்பைத் திறந்து வையுங்கள். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் பட்டைகளோடு நான்காவதாக ஒரு சாம்பல் நிறப் பட்டை தெரியும். அதுதான் வீலுக்குப் போகும் விசை. மோன்ஸாவின் கடைசி வளைவான பாரபோலிகா நீண்டது, வேகமானது. அதில் திரும்பும்போது அந்தப் பட்டை உச்சிக்குப் போய்ச் சிவப்பாகி, சிவப்பாகவே நின்றால், விசை உச்சவரம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம்.

கிளிப்பிங்கின் கேடு என்னவென்று நெல் அளக்கும் படியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். படி நிரம்பி வழிய ஆரம்பித்த பிறகு, ஒரு கைப்பிடி வழிந்தாலும் ஒரு மூட்டை வழிந்தாலும் படிக்குள் இருப்பது ஒரு படிதான். டயர் கணக்கில் முறுக்கு 14,000 வரை ஏறி, எல்லை நெருங்கும்போது 11,000க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கம்தான் நாம் மேலே பார்த்த முன்னறிவிப்பு. ஆனால் வீலுக்குப் போனது முழு நேரமும் 10,000தான். உங்கள் கைக்கு எந்த மாற்றமும் தெரியாது. அடுத்த கணம் கார் வளைவுக்கு வெளியே மணலில் நிற்கும். முதல் 6 மாதம் எனக்கு நடந்தது இதுவே.

ஆகவே கெய்னை ஐந்தைந்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பாரபோலிகா முழுக்கப் பட்டை சாம்பலாகவே இருக்க வேண்டும். பாதையோர மேட்டுப் பட்டையான கெர்ப் மேல் ஏறும் கணத்தில் மட்டும் சிவப்பு மின்னி மறைந்தால் பரவாயில்லை. கெர்ப்பில்கூடச் சிவப்பு வரக்கூடாது என்று குறைத்துக்கொண்டே போனால் வளைவுகளில் வீல் சோர்ந்துவிடும். இந்த எண் ஒவ்வொரு காருக்கும் மாறும். வேகம் கூடக் கூடக் காற்றழுத்தம் கீழே அமுக்கும் ஃபார்முலா கார்களுக்கும் ஜிடி3 கார்களுக்கும் இன்னும் குறைக்க வேண்டியிருக்கும். ஓட்டிக்கொண்டே நம்பர் பேடில் உள்ள பிளஸ், மைனஸ் விசைகளால் அந்தக் காருக்கு மட்டும் மாற்றலாம். ஐரேசிங்கில் இவ்வளவு சிரமம் இல்லை: சில லேப் சுத்தமாக ஓட்டிவிட்டு ஆட்டோ பட்டனை அழுத்தினால், அந்தக் காருக்கும் அந்தப் பாதைக்கும் ஏற்ற உச்சத்தை அதுவே கணித்துக்கொள்ளும்.

வீல் இப்போது முன்னைவிட லேசாகிவிட்டதே என்று தோன்றும். ஜி29 தரும் முறுக்கு சுமார் 2 நியூட்டன் மீட்டர். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீலின் விளிம்பில் அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையின் இழுப்பு. அந்த ஒன்றரைக் கிலோவுக்குள்தான் பாதையின் அத்தனை மேடுபள்ளமும் டயரின் பேச்சும் அடங்க வேண்டும். ஒரு வாரம் அதிலேயே ஓட்டுங்கள். உள்ளங்கை பழகிக்கொள்ளும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: சீரான வேகத்தில் நீண்ட வளைவொன்றில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் திருப்பிக்கொண்டே போங்கள். கனம் ஏறும், ஏறி ஓரிடத்தில் நிற்கும், பிறகு கையில் பிடித்திருந்த கயிறு தளர்வது போல லேசாகும். அந்தத் தளர்ச்சி வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். வந்துவிட்டால் கெய்ன் சரியாக அமைந்துவிட்டது. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜத்தில் ஓட்டுநரின் கை எப்படி இயங்குகிறது என்று ஒருமுறையாவது நேரில் பாருங்கள். வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டரில் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதை 1990 முதல் அங்கே இருக்கிறது. இப்போதைய பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். 2005ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கை தொடங்கியதும் இங்கேதான், ஃபார்முலா மாருதி காரில். ஃபார்முலா எல்ஜிபி போன்ற சிறு ஒற்றை இருக்கை கார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது; டயரின் பேச்சு நேராக ஓட்டுநர் கைக்கு வரும். வளைவுப் பக்கம் நின்று ஹெல்மெட்டை விட்டுவிட்டுக் கையை மட்டும் பாருங்கள். வளைவின் நடுவே அந்தக் கைகள் ஓயாமல் சிறிது கூட்டியும் குறைத்தும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அவர்கள் டயரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே போகிறார்கள்.

நடுவில் செத்துக் கிடக்கும் இடம்

பல்சக்கர வீல்களுக்கென்று ஒரு குறை உண்டு. நேராகப் போகும்போது வரும் சிறு விசைகள் பல்சக்கர உராய்வைத் தாண்டி வெளியே வர முடியாமல் உள்ளேயே அடங்கிவிடும். நடுவில் வீல் செத்தது போலக் கிடக்கும். நேர்ப்பாதையில் கார் மிதப்பது போலத் தோன்றுவது இதனால்தான். கேமில் இருக்கும் மினிமம் ஃபோர்ஸ் என்ற எண், ஒவ்வொரு சிறு விசையையும் இந்த உராய்வைத் தாண்டும் அளவுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. 0ல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். நேர்ப்பாதையில் வீல் தானாக இடமும் வலமும் கடகடவென்று நடுங்கத் தொடங்கும் எண் ஒன்று வரும். அதிலிருந்து ஒன்றிரண்டு குறைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 8 முதல் 15 விழுக்காட்டுக்குள் அமையும்.

இதைவிடத் துல்லியமான வழியும் இருக்கிறது. வீல்செக் என்ற சிறிய இலவச மென்பொருள், வீலுக்குப் படிப்படியாக விசையை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் வீல் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து பதிவு செய்யும். அதிலே ஸ்டெப் லாக் 2 என்ற சோதனையைத் தேர்ந்தெடுத்து, கையை எடுத்துவிட்டு விலகி உட்காருங்கள். வீல் ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று தானே சுழன்று, ஒவ்வொரு முறையும் முன்னைவிட ஒரு பிடி அதிகமாகத் திரும்பும். நான் இதை வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் செய்வேன். முதல் சில படிகளில் மோட்டார் முனகும் சத்தம் மட்டும் கேட்கும், வீல் அசையாது. திடீரென்று ஒரு படியில் நூலிழை அசையும். உங்கள் வீலின் செத்த இடம் எவ்வளவு என்பதை நீங்கள் கண்ணால் பார்க்கும் கணம் அது. பதிவான கோப்பை லட் ஜெனரேட்டர் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் கொடுத்தால், உங்கள் வீலுக்கென்று ஒரு திருத்தப் பட்டியலைப் போட்டுத் தரும். அசெட்டோ கோர்சாவுக்கான கன்டென்ட் மேனேஜர் மென்பொருளில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் அமைப்புக்குள் போஸ்ட் ப்ராசஸிங் பகுதியில் அதை ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய பிறகு கேமின் மினிமம் ஃபோர்ஸ் 0 ஆக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வீல் உதறும். ஏற்றிய பின் கிளிப்பிங்கை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். நண்பரின் பட்டியலை வாங்கிப் போடாதீர்கள். ஒரே மாடல் வீல்களாக இருந்தாலும் தேய்மானம் வேறு, பட்டியலும் வேறு. லினக்ஸில் ஓட்டுபவர்களுக்கு ஓவர்ஸ்டீயர் என்ற மென்பொருள் ஜி ஹப் செய்வதில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

டைரக்ட் டிரைவ் வீல் வைத்திருப்பவர்களுக்கு

மோட்டாரின் அச்சிலேயே வீலை மாட்டும் இந்த வகையில் செத்த இடம் கிடையாது. மினிமம் ஃபோர்ஸ், திருத்தப் பட்டியல் எதுவும் தேவையில்லை. மோசா ஆர்5 தருவது 5.5 நியூட்டன் மீட்டர். ஆர்9 தருவது 9. அதே 28 சென்டிமீட்டர் வீலில் கணக்குப் போட்டால் விளிம்பில் ஏறக்குறைய 4 கிலோவும் ஆறரைக் கிலோவும். இங்கே வேலைப் பிரிவினை இப்படி: உங்கள் கை தாங்கும் உச்சத்தை வீலின் மென்பொருளில் வையுங்கள், கிளிப்பிங் வராமல் பார்த்துக்கொள்வதைக் கேமின் கெய்னில் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

பல்சக்கர வீலில் 0 ஆக்கிய டேம்பிங், இங்கே கொஞ்சம் வேண்டும். உராய்வே இல்லாத மோட்டார் என்பதால் நேர்ப்பாதையில் கையை எடுத்ததும் வீல் இடவலமாக ஆட ஆரம்பித்து, ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். 10ல் தொடங்கி ஆட்டம் தானாக அடங்கும் வரை கூட்டுங்கள். பிட் ஹவுஸில் கையை எடுத்தால் வீலைத் தணிக்கும் பாதுகாப்பு ஒன்று இருக்கிறது, அதை அணைக்காதீர்கள்.

கட்டைவிரலைப் பற்றி இதில் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். கட்டைவிரலை வீலின் ஆரக்காலுக்கு உள்ளே மடித்துப் பிடிக்கக் கூடாது. கேமில் கார் சுவரில் மோதும் கணத்தில் வீல் முழு விசையோடு சுழலும். உள்ளே இருக்கும் விரல் முறியும். விளிம்பின் மேல் நீளவாக்கில் படுக்க வைத்துப் பிடியுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஓட்டி முடித்ததும் மின் இணைப்பையே எடுத்துவிடுங்கள். அவர்கள் ஓட்டக் கேட்டால் உச்சத்தை 2 நியூட்டன் மீட்டருக்குக் கீழே வைத்துத் தனியாக ஒரு ப்ரொஃபைல் சேமித்துக் கொடுங்கள்.

தோல் உறை, வெயில், கரண்ட்

தோல் தொழில் நடக்கும் இந்த வேலூர்ப் பக்கம் இருந்துகொண்டு வீலுக்கு நல்ல தோல் உறை போடாமல் இருக்க மனம் வராது. என் ரப்பர் வீலுக்கு எருமைத் தோலை எடுத்து, அடியில் ஸ்பாஞ்சு வைத்து, மொத்தமாகச் சுற்றித் தைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அன்று இரவே கெர்ப் எல்லாம் காணாமல் போயின. மென்பொருளில்தான் ஏதோ மாறிவிட்டது என்று இரண்டு நாள் ஸ்லைடர்களோடு மல்லுக்கட்டினேன். ஷூ கம்பெனியில் சாம்பிள் தைக்கும் மாஸ்டர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் வீலைத் தொட்டதுமே கேட்டார்.

“இன்னா தம்பி, இவ்ளோ மொத்தமா சுத்தி வச்சிருக்க?”

“பிடிக்க நல்லா இருக்கும்னுதான் மாஸ்டர்.”

“பிடிக்கறதுக்கு சரி. கைக்கு எப்படித் தெரியும்? கிளவுஸ் தைக்கறப்ப விரல் நுனிக்கு ஏன் மெல்லிசா எடுக்கறோம்? பிரிச்சுக் கொடு, நான் பாத்துக்கறேன்.”

ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, 1 மில்லிமீட்டருக்கும் குறைவான ஆட்டுத் தோலை நனைத்து இழுத்து ஒட்டி, உள்விளிம்பில் குறுக்குத் தையல் போட்டுக் கொடுத்தார். கெர்ப்புகள் திரும்பி வந்தன. கனமான உறை இரண்டு விதத்தில் கெடுக்கிறது: ஸ்பாஞ்சு அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது, விளிம்பில் கூடும் எடையை அசைப்பதற்கே மோட்டார் சிறு விசைகளைச் செலவழித்துவிடுகிறது. உறை மாற்றினால் கிளிப்பிங்கைத் தவிர மற்ற எல்லாச் சோதனைகளையும் புதிதாகச் செய்யுங்கள். வியர்வை உப்பு தோலை விறைக்கச் செய்யும் என்பதால் ஓட்டி முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலரவிடுங்கள். கை கழுவும் சானிடைசரால் துடைக்கக் கூடாது. அதிலுள்ள ஆல்கஹால் தோலின் மேல்பூச்சைக் கரைத்துவிடும்.

வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மோட்டார் சூடேறினால் விசை குறையும். சித்திரை மதியத்தில் மின்விசிறிக் காற்றில் ஓட்டும்போது அரைமணி நேரத்திலேயே வீல் தளர்ந்தது போல இருக்கும். அப்போது கெய்னைக் கூட்டினால், இரவில் குளிர்ந்த வீலில் ஓட்டும்போது கணக்கு தவறிவிடும். அமைக்கும் வேலையை எப்போதும் வீலை 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகே செய்யுங்கள். வீலின் பின்புறம் ஒரு சாண் இடமாவது காற்றுக்கு விடுங்கள்.

கரண்ட் போய் வந்தால் கையை உடனே எடுத்துவிடுங்கள். மின்சாரம் திரும்பியதும் பெரும்பாலான வீல்கள் நடுவைக் கண்டுபிடிக்கத் தாமாகவே கோடி முதல் கோடி வரை சுழலும். கையால் தடுத்தால் நடு தவறிப்போய், நேராக ஓட்டும்போதும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஓட்டும் நடுவே யுஎஸ்பி அடிக்கடி விட்டுப்போனால், மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. டைரக்ட் டிரைவ் வீல்களை இது மிகவும் படுத்தும்.

கார் புறப்பட்டதும் வீல் நடுவுக்கு வராமல் ஒரு பக்கமாகப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் விசையின் திசை தலைகீழாக இருக்கிறது. கேமிலோ வீலின் மென்பொருளிலோ இன்வர்ட் என்ற ஒரு தேர்வு இருக்கும். அதை மாற்றினால் தீர்ந்தது.

எல்லாம் சரியாக அமைந்த அன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: தேதி, காரின் பெயர், பாதை, கெய்ன், மினிமம் ஃபோர்ஸ், டேம்பிங், வீலின் ஃபர்ம்வேர் எண். ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது ப்ரொஃபைல்கள் அழிந்துபோவது உண்டு. என் நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பது எம்3 இ30, மோன்ஸா, கெய்ன் 72, மினிமம் ஃபோர்ஸ் 11. அதன் கீழே பென்சிலில், மாஸ்டர் தைத்த உறைக்குப் பிறகு மினிமம் ஃபோர்ஸ் 9 என்று திருத்தியிருக்கிறேன்.